செத்தும் தீராத பாக்கி

மெக்சிகோவின் மேட்டுநிலத்தில், வெள்ளிச் சுரங்கங்களால் கொழுத்த குவானஹுவாத்தோவுக்குப் போகிறவர்கள், தேவாலயப் பீடத்தின் தங்கமுலாமை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்து வரிசை கட்டுவது மம்மி அருங்காட்சியகத்தில்தான். கல்லறைக் கட்டணம் வந்துசேராத உடல்களை 1865 முதல் மாடக்குழிகளிலிருந்து வெளியே எடுத்தார்கள். வறண்ட காற்றில் சில மக்காமல் காய்ந்திருந்தன. காலுறை கழலாத பிணம்கூட உண்டு. இன்று அவற்றைப் பார்க்க நுழைவுச்சீட்டு. காசில்லாமல் காலி செய்யப்பட்டவர்களே நகராட்சிக்குச் சம்பாதித்துப் போடுகிறார்கள். பாக்கி வட்டியோடு அடைந்திருக்கும், ரசீதுதான் வரவில்லை.

சாவோடு சிரித்துப் பழகுவது மெக்சிகோக்காரர்களின் பண்பாடு என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் நவம்பரில் செண்டுமல்லி தூவி அவர்கள் வரவேற்பது சொந்த வீட்டில் இறந்துபோனவர்களை. அந்தப் படையலுக்கு யாரும் டிக்கெட் கிழிப்பதில்லை. காற்று உடலைக் காயவைத்தது, சரி. கண்ணாடிப் பெட்டியும் கட்டணப் பலகையும் காற்றில் அடித்துக்கொண்டா வந்தன?