‘டாக்டர் வண்டி’: ஒரு தொகைநிலைத் தொடர் குறித்த விரிவாய்வு

பாயிரம்

பழைய கார் வாங்குதல் பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு ஏதும் வெளிவரவில்லை என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. வெளிவந்திருந்தாலும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆய்வின் எல்லை கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி. வடக்கு எல்லை மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடுவதால் வரையறுக்க இயலவில்லை. நோக்கம்: இரண்டு லட்சத்துக்குள் ஒரு காரை வாங்கி, அதில் குடும்பத்தோடு கன்னியாகுமரி போய், அதே காரில் திரும்புதல். முறையியல்: கண்டவரையெல்லாம் கேட்டல்.

இது அற்பமான பொருளாயிற்றே என்று சில அறிஞர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் கவனத்துக்கு: ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்கு வண்டியின் வியாதி தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எதற்கும் இருக்கட்டும் என்று குறைத்தே கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்கமாட்டான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது வியாதி வண்டிதான். அவ்வளவுதான் கட்டுரை. ‘அற்பம்’ என்று இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின, ‘தவறு’ என்று மூன்றாவது இதழ் திருப்பி அனுப்பியது. 1970-இல் வேறோர் இதழில் வெளியாகி, 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. இதே கருத்தை எங்கள் தெருவில் “நல்ல வண்டியை எவன் சார் விப்பான்?” என்று ஐந்து சொல்லில் முடித்துவிட்டார்கள் (பஞ்சர் கடை, பாடி). பரிசு வரவில்லை.

களம்

இப்பகுதியில் ஆய்வாளருக்குப் பஞ்சமில்லை. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா; அம்பத்தூரில் ஒரு காலத்தில் டன்லப் டயர்; எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு செய்யும் பட்டறைகளுக்குக் கணக்கேயில்லை. ஆவடியில் 1965 முதல் விஜயந்தா டாங்கியே செய்தார்கள். பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ பிறந்தது. ஆகவே ஒவ்வொரு தெருவிலும் காரின் ஏதோ ஓர் உறுப்பைச் செய்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் உண்டு. இவர்களை அழைத்துப் போனால் நல்லது என்று மச்சான் சொன்னார். போனோம். ஸ்டார்ட்டர் மோட்டாரில் காலம் தள்ளியவர் பானட்டைத் திறந்தார், ஸ்டார்ட்டரைப் பார்த்தார், “வண்டி தங்கம்” என்று மூடிவிட்டார். சக்கரத்தில் இருந்தவர் ரிம்மைத் தட்டி ஓசை கேட்டுத் தலையை ஆட்டினார். பிரேக்கில் இருந்தவர், ஸ்டார்ட்டர்காரர் இருக்கும்போது தாம் எதுவும் சொல்வதற்கில்லை என்று கூறிவிட்டார். வண்டி மொத்தமாக ஓடுமா என்பது மூவர் துறைக்கும் வெளியே இருந்தது. பல்கலைக்கழகங்களில் இதற்குச் சிறப்புத் தேர்ச்சி என்று பெயர்.

மாதிரி

அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-இல் உற்பத்தி நின்ற நூல்கள். பின்னதன் உதிரி பாகம் இன்னும் கிடைக்கும், முன்னதற்குப் பக்தி வேண்டும். செவர்லே 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு, மறைமலைநகரில் ஆலை வைத்திருந்தும், 2021-இல் மூட்டை கட்டுவதாக அறிவித்தது. இரண்டுமே நல்ல வண்டிகள், விலையும் சல்லிசு. ஆனால் இரவு பத்து மணிக்குக் கோவில்பட்டி பைபாஸில் நின்றுபோனால், டார்ச் பிடித்துக்கொண்டு வரும் மெக்கானிக்கிடம் அந்தச் சாமான் இருக்க வேண்டும். நெடும்பயணத்துக்கு வண்டி தேர்பவர் தம் ஊர் ஷோரூமை அல்ல, கோவில்பட்டி மெக்கானிக்கின் அலமாரியை நினைத்துத்தான் தேர வேண்டும். இந்த ஆய்வில் உருப்படியான வாக்கியம் இது ஒன்றே. இக்காரணத்தால் 2012 மாடல் சான்ட்ரோ தேர்வாயிற்று.

நிறம்

வெள்ளை.

ஏசி

மார்கழியில் சோதித்து வாங்கலாகாது.

காலக்கணிப்பு

கிலோமீட்டர் முள் 48,000 காட்டியது. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வரி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஸ்டியரிங்கின் மேல்பாதி கோயில் யாளியின் மூக்குபோல் மின்னியது. முரண்பாட்டைச் சுட்டியதும் தரகர், “கால் அழுத்தமா வைப்பாரு சார்” என்றார். மீட்டரைப் பின்னால் தள்ளுவது தண்டனைக்குரியது என்பாரும், அதற்கும் ஒரு தொழில்நுட்பம் வேண்டாமா என்பாரும் உளர் (ஆவடி, டீக்கடை பெஞ்சு, இடது ஓரம்). இவ்வாய்வாளர் நடுநிலை வகிக்கிறார். நம் காலக்கணிப்பு வல்லுநர்கள் நூலின் வயதைக் கூட்டுவார்கள். தரகர்கள் வண்டியின் வயதைக் குறைப்பார்கள். இரு தரப்பும் ஒரே கருத்தரங்கில் உட்கார்ந்தால் எல்லாம் சரியான ஆண்டில் வந்து நிற்கும்.

டயரின் பக்கவாட்டில் சிறு வட்டத்துக்குள் 2316 என்று நான்கு இலக்கம் இருந்தது. 2016-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்த டயர் என்று அதற்குப் பொருள். இதைத் திருத்தவும் முடியாது, உரையும் வேண்டாம். அதனாலேயே யாரும் அதைப் படிக்கவில்லை.

டாக்டர்

இனி நூலின் உயிர்நிலைக்கு வருவோம். தரகர் வாய்மொழி பின்வருமாறு: “டாக்டர் வண்டி சார்.”

மூலம் இவ்வளவே. எம்டிஎச் சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் நிற்கும் பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் இதே மூலம்தான் வழங்குகிறது. வினை இல்லை, உருபு இல்லை. எனவே இது தொகைநிலைத் தொடர். எந்தத் தொகை என்பதில்தான் உரையாசிரியர்கள் மாறுபடுகிறார்கள்.

ஆறாம் வேற்றுமைத் தொகை என்பது பூந்தமல்லிப் பள்ளி. டாக்டரது வண்டி. போரூர் தொடங்கித் தண்டலம்வரை மருத்துவக் கல்லூரிகள் வரிசைகட்டி நிற்பதால் இது இயல்பே என்பர். அப்படியானால் அந்த டாக்டர்கள் மாதத்துக்கொரு காரை விற்றுக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியை எப்போது பார்ப்பார்கள் என்று ஆவடிப் பள்ளி மறுக்கும். ஆவடிப் பள்ளியின் சொந்தக் கொள்கை, அவர் டாக்டரே அல்லர், டாங்கி ஃபேக்டரியில் ரிடையர் ஆன சார் என்பது. டாங்கியைப் பராமரித்த கை சான்ட்ரோவை விட்டுவிடுமா? அம்பத்தூர்ப் பள்ளியோ ‘கம்பெனி ஓனர்’ என்று பாடம் கொள்ளும். இது எஸ்டேட் பற்றால் விளைந்த பிற்காலப் பாடம்.

மூன்றாம் வேற்றுமை எனில் டாக்டரால் ஓட்டப்பட்ட வண்டி. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு, நாற்பதுக்கு மேல் போகாதவர், ஆரன் அடிக்கக் கூசுபவர். இவ்வுரையே வாங்குவோரிடம் பெருவழக்கு. நான்காம் வேற்றுமை எனில் டாக்டருக்கு மாமனார் கொடுத்த வண்டி. இதில் டாக்டர் வண்டியைத் தொட்டதேயில்லை, வேறு பெரிய கார் கேட்டிருந்தார் என்று நச்சென்று விளக்குவர் (திருமுல்லைவாயில், டிங்கரிங் பட்டறைச் சுவர், கரித்துண்டு எழுத்து, மூன்றாம் வரி, நான்காம் வரி வெள்ளையடிப்பில் மறைந்தது). ஐந்தாம் வேற்றுமை, டாக்டரின் நீங்கிய வண்டி. எதனால் நீங்கியது என்று கேட்கத் தோன்றுவதால் தரகர்கள் இவ்வுரையைப் போற்றுவதில்லை. ஏழாம் வேற்றுமை, டாக்டரிடத்து நின்ற வண்டி; அதாவது கிளினிக் வாசலில் யாருடையதோ நின்றது. இரண்டாம் வேற்றுமையை, டாக்டரை ஏற்றிய வண்டி என்பதை, எந்தப் பள்ளியும் பொருட்படுத்தவில்லை. உம்மைத்தொகையாகக் கொண்டு டாக்டரும் வண்டியும் சேர்ந்தே கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர் எங்கள் மாமியார் ஒருவரே.

சான்றுகளுக்கு வருவோம். முன் கண்ணாடியின் வலது மூலையில், ஸ்டிக்கர் உரித்த தழும்பு ஒன்று கூட்டல் குறி வடிவில் தெரிந்தது. அனுமதியின்றி ஒட்டிய ஸ்டிக்கர்கள்மீது 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் நடவடிக்கை தொடங்கியதை நாம் அறிவோம். ஆக இத்தழும்பு அக்காலத்தது. ஆனால் அப்போது டாக்டர் மட்டுமா உரித்தார்? பிரஸ், வக்கீல், போலீஸ் எல்லாரும் உரித்தார்கள். வக்கீலின் ஸ்டிக்கரைப் பாதியில் கிழித்தாலும் கூட்டல் குறி வரும் என்று செய்து காட்டினார் மச்சான், என் புதுக் கண்ணாடி மேஜைமேல். தழும்புக்கு அரைச் சாண் தள்ளி ஒரு ஃபாஸ்டாக் ஒட்டியிருந்தது. ஆய்வுக்குத் தொடர்பற்றது என்று அது விடப்பட்டது.

ஆர்சியில் ஓனர் பெயர் இருக்குமே என்பர் சிலர். இருந்தது. தொழிலுக்கு அதில் இடமில்லை. ஓனர் வரிசை எண் 3 என்று போட்டிருந்தது. சிங்கிள் ஓனர் என்றீர்களே என்றோம். “மூணு பேருமே டாக்டர்தான் சார். ஒரே தொழில், ஒரே கை மாதிரிதான்” என்று தரகர் அருளினார் (மேற்படியார், இரண்டாம் வாய்மொழி, முதல் வாய்மொழியோடு முரண்படுவது, போனில் பெறப்பட்டது, பின்னணியில் யாரோ சிரித்தது தெளிவாகக் கேட்டது, அச்சிரிப்பு மூலத்தைச் சேர்ந்ததா இடைச்செருகலா என்பது தனி ஆய்வேட்டுக்குரியது, சிரித்தவரே அவ்வேட்டை எழுத முன்வந்திருக்கிறார், வழிகாட்டிதான் கிடைக்கவில்லை).

இத்தனை பிணக்குகளையும் ஒரே அடியில் தீர்ப்பது முனைவர் பள்ளி. டாக்டர் என்றால் வைத்தியர் என்று யார் சொன்னது? நம் நாட்டில் ஆண்டுதோறும் வாய்மொழித் தேர்வு முடிந்து, மிக்சரும் காபியும் கொடுத்து, மாலையோடு வெளியேறும் முனைவர்களை எண்ணிப் பார்த்தால், சாலையில் நிற்கும் எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டினதாகவே இருக்கும். மற்ற கார்களுக்குத்தான் சான்று காட்ட வேண்டும். இப்பள்ளியை மறுக்க முயன்ற மூவரும் முனைவர்களாக இருந்ததால் விவாதம் அத்தோடு நின்றது.

நீர்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கம் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. துடைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டால் தெரியாது. ஆனால் சீட் பெல்ட்டை மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஓட்டுபவர் மார்புக்கு வேண்டிய அளவில் நிறுத்தாமல், உருளை முழுக்கச் சுற்றி முடியும்வரை இழுக்க வேண்டும். கழுவுகிறவன் கை அந்தக் கடைசிச் சாணுக்குப் போவதில்லை. இந்தச் சான்ட்ரோவின் பின்சீட்டு பெல்ட்டில், கடைசிச் சாணில், நாடாவின் குறுக்கே சாம்பலும் பழுப்புமாக ஒரு கோடு இருந்தது. விரலால் தேய்த்தால் மாவுபோல வந்தது, ஏரிச் சேற்றின் வாசனை. ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அடியிலும் அதே நிறம்.

“அது காபி சார்” என்றார் தரகர்.

டிக்கியிலுமா என்றோம். “டாக்டருக்கு நைட் டூட்டி.”

காபிக்காக விலையில் பதினைந்தாயிரம் குறைத்தார். மண்கோடு சீட்டைத் தாண்டி ஏறவில்லை, இஞ்சின் ஆயில் மூடியில் பால்நிறப் பிசுக்கு இல்லை, பானட்டில் கைவைத்தபோது சில்லென்றே இருந்தது. நாங்கள் வருமுன் சூடேற்றி வைக்கும் வேலையைச் செய்திருக்கவில்லை. முதல் சாவியிலேயே பிடித்தது. ஸ்டார்ட்டர் பெரியவர் சொன்னது பலித்தது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, விடாமல் வெள்ளையாக வந்தால் கூலன்ட் கசிகிறது, கறுத்தால் பெட்ரோல் அதிகம். எதுவும் வரவில்லை. வாங்கினோம், உடனே நான்கு டயரையும் மாற்றினோம்.

ஆவணம்

விற்பவர் படிவம் 29-ஐயும் வாங்குபவர் படிவம் 30-ஐயும் கவனிக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள்ளேயே விற்றால் விற்றவருக்குப் 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள். “பொறுமையா மாத்திக்கலாம் சார்” என்ற சூத்திரம் இதற்கு விதிவிலக்கு அன்று. பதிவேட்டில் பெயர் மாறாதவரை, விபத்து நடந்தால் பழைய ஓனரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றவருக்கே அவசரம் இருக்க வேண்டிய இடம் இது. இன்சூரன்சையும் 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். பதிவு 15 ஆண்டுக்கு. 2012 வண்டிக்கு 2027 வரை. இவையெல்லாம் அச்சில் தெளிவாக இருப்பதால் ஆராய ஒன்றுமில்லை.

ஓட்டம்

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி வண்டலூரில் இறங்கி, ஜிஎஸ்டி சாலையில் பரனூர், ஆத்தூர் டோல்களைத் தாண்டி விக்கிரவாண்டி டோலையும் கடந்தபோது போன் அடித்தது. புதிய நம்பர்.

“ஹலோ, யாருங்க அது? பரனூர்ல காசு போச்சு, ஆத்தூர்ல போச்சு, இப்ப விக்கிரவாண்டியிலயும் போச்சு. புரோக்கர்கிட்ட உங்க நம்பர் வாங்கினேன். வண்டியத்தான் வித்தேன், என் அக்கவுண்ட்டையுமா வித்தேன்?”

“மன்னிச்சுக்குங்க டாக்டர். ஃபாஸ்டாக்கை மாத்த மறந்துட்டோம்.”

“எந்த டாக்டர்?”

“நீங்க…”

“நான் டிரைவர் சார். வேலப்பன்சாவடியில காலையில அஞ்சு டாக்டருங்கள ஏத்துவேன், ஆஸ்பத்திரியில இறக்குவேன். ராத்திரி டூட்டி முடிஞ்சவங்கள திரும்ப ஏத்துவேன். ஏழு வருஷம். ஒரு நாள் வண்டி நின்னதில்ல.”

இரண்டாம் வேற்றுமை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. எந்தப் பள்ளியும் தொடாதது.

அடுத்த பங்க்கில் நிறுத்தி, புது ஃபாஸ்டாக் வாங்கி ஒட்டினோம். மூன்று டோல் காசையும் ஜிபேயில் அவருக்கு அனுப்பினேன். ரேடியேட்டருக்கு என்ன கூலன்ட் ஊற்றுவார் என்று கேட்டதற்கு, பெயரும் அளவும் சொல்லி, திருச்சி தாண்டி ஒரு தரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மச்சான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“மாமா, இவரை டாக்டர்னே சேவ் பண்ணிடவா?”