கடாரம் கொண்டவனுக்கு ஒரு கிளாஸ்

முக்கால் மணி நேரம் கவனிப்பாரில்லாமல் உட்கார்ந்திருக்கும் தமிழன் என்ன செய்வான்? சரித்திரம் யோசிப்பான். நானும் யோசித்தேன்.

1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் படையை அனுப்பி இந்தக் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, வென்றான். ‘கடாரம் கொண்டான்’ என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். மெர்போக் பக்கம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளக் கற்களை இன்றும் பார்க்கலாம். அந்த வெற்றிக்கு ஆயிரம் வருஷம் கழித்து, கோத்தா கோலா மூடாவிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கிற ஒரு பாரில், அவன் மொழி பேசும் ஒருவன் வெறும் கிளாஸ் ஒன்றுக்காகக் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். கடாரம் கொண்டாயிற்று. கிளாஸ் கொண்டுவரத்தான் ஆளில்லை.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லாமல் விட்டால்தான் இந்த வட்டாரத்தில் நாலு முதலாளிகளாவது “நம்மளைத்தான் எழுதியிருக்கான்” என்று கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கிற ஒவ்வொருவரும் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

அன்று வியாழக்கிழமை இரவு. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. மூடா ஆற்றைத் தாண்டி பினாங்கு எல்லைக்குள் கால் வைத்தால் சனியும் ஞாயிறும். ஆற்றுக்கு இரு கரையிலும் உறவுள்ளவனுக்கு வாரத்தில் இரண்டு ‘நாளைக்கு லீவு’ இரவுகள். அந்த வரத்தை நம்பித்தான் ஒரு பழைய தோட்டத்து நண்பரைப் பார்க்க அந்தக் கடைக்குப் போனேன். நண்பர் வரவில்லை. பாடம் வந்தது.

உட்கார்ந்த மேசையில் முந்தைய ஆள் உரித்த கச்சான் தோல் அப்படியே கிடந்தது. பையன் ஈரத்துணியோடு வந்தான். பக்கத்து மேசையைத் துடைத்தான். அதற்கடுத்த மேசையையும் துடைத்தான். என் மேசைக்கு வந்ததும் துணிக்கு ஞானம் பிறந்து திரும்பிப் போய்விட்டது. கூப்பிட்டேன். “பொறுங்க பாஸ்” என்றான். ‘பாஸ்’ என்ற சொல்லை ஓர் ஆளை உட்காரவைத்து மறந்துவிடுவதற்கான மந்திரமாக்கிய பெருமை நம் கடைகளுக்கே உரியது.

அப்போது சாலையில் ஒரு கார் இரண்டு முறை ஹாரன் அடித்தது. வாசலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை; ஆனால் உள்ளே குளிர்பெட்டி திறந்தது. அந்த ஆள் காரை நிறுத்தி, கதவைச் சாத்தி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவதற்குள் மேசையில் குளிர்ந்த போத்தல், ஐஸ் வாளி, துடைத்த கிளாஸ், ஒரு தட்டு ஆட்டிறைச்சி வறுவல், எல்லாம் அணிவகுத்து நின்றன. அவர் வாயைத் திறக்கவே இல்லை. நான் மூன்று முறை திறந்திருந்தேன். சொன்னது விழாத காதில் சொல்லாதது விழுகிறதென்றால், அது காதில் உள்ள கோளாறு அல்ல.

“தம்பி, எனக்கும் ஒரு வறுவல்.”

“வறுவல் முடிஞ்சிருச்சு பாஸ்.”

நாலு நிமிஷத்தில் இன்னொரு தட்டு என்னைக் கடந்து அந்தக் கார்க்காரரின் மேசைக்குப் போனது. கடைக்கு அவர் ‘அண்ணன்’. ஆவி பறந்தது. முடிந்தது வறுவல் அல்ல, நான்தான் என்று விளங்கியது.

பிறகு முதலாளியே வந்தார். மகிழ்ந்துபோனேன். “பாஸ், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் மாறி உக்காருங்க. அண்ணனோட ஆளுங்க வர்றாங்க.” அந்தப் பக்கம் என்பது கழிவறை வாசல். அங்கிருந்து பார்த்தால் கடையின் சட்டதிட்டமெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது என்று சட்டம். அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அண்ணன் புகை விட்டார். சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டுவதுபோல அறிவிப்புக்குக் காட்டினார். நான் வெளியே போய்ப் பற்றவைக்கலாமா என்று எழுந்தபோது, “பாஸ், காசு கட்டிட்டுப் போங்க” என்ற குரல் முதல் முறையாக என்னைத் தேடி வந்தது. எதற்குக் காசு? கச்சான் தோலுக்கா?

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். நம் நாட்டில் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்காடலாம். வக்கீல் வேண்டாம். அருமையான ஏற்பாடு. பாரத்தில் ‘நஷ்ட விவரம்’ என்ற இடத்தில் என்ன எழுத? முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு எத்தனை வெள்ளி? கழிவறை வாசலுக்கு மாற்றியதற்கு எத்தனை? ‘பாஸ்’ என்று பதினோரு முறை பொய் சொன்னதற்குத் தனி ரேட்டா, மொத்த ரேட்டா?

ஆற்றுக்கு அந்தக் கரையில், பெனாகா பக்கம், பாசார் பீசிக் என்று ஒரு மீன் சந்தை உண்டு. படகு வந்ததும் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக மீன்காரரின் காதோடு காதாக விலை சொல்லுவார்கள். சத்தம் கிடையாது, கூச்சல் கிடையாது. யார் என்ன விலை கேட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. குறைவாகக் கேட்டவனுக்கு அவமானமும் இல்லை. அங்கே காது பொதுச் சொத்து. எட்டிப் போய்ச் சொல்ல எவனுக்கும் உரிமை உண்டு. நம் பாரிலும் எல்லாம் காதோடு காதாகத்தான் நடக்கிறது. காதை மட்டும் வருஷக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வரிசையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். மேலே துரை. அவருக்குக் கீழே கிராணி. கிராணிக்குக் கீழே தண்டல், கங்காணி. எல்லாருக்கும் கீழே, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்வரை இருட்டில் நிற்கிறவன். துரை கப்பலேறிப் போய்விட்டார். பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். செம்பனையையும் சாய்த்துத் தாமான் கட்டினார்கள். லயத்து வீடு போயிற்று, ஆயாக்கொட்டகை போயிற்று, பிரட்டுக்களம் போயிற்று. அந்த வரிசை மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் நம் மண்டைக்குள் குடியேறிவிட்டது. நாலு மேசையும் ஒரு குளிர்பெட்டியும் கிடைத்தால் போதும், நம்மவன் அதில் ஒரு துரையை உட்காரவைத்து, தானே கங்காணி ஆகி, மிச்சப் பேரைப் பிரட்டுக்கு நிறுத்திவிடுகிறான்.

இதே கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் (பல்கலைக்கழகத்தை நினைக்காதீர்கள், பால்மரத் தோட்டம்) போர் முடிந்த கையோடு தொண்டர் படை என்று ஒன்று எழுந்தது. முன்னால் நின்றவர் ஏ.எம். சாமி. தோட்டத்துத் தொழிலாளிகள் ஒன்றுசேர்ந்து கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். கூலியைக் கொடுத்த அதே தோட்டம், அந்தக் கூலியை மங்குக் கள்ளாகத் திரும்ப வாங்கிக்கொண்ட வித்தை அவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1947-இல் போலீஸ் புகுந்தது. அடித்தார்கள், உயிர் போயிற்று, ஆட்களைச் சிறையில் தள்ளினார்கள். அந்த மனிதர்கள் கேட்டது கள்ளில்லாத தோட்டம் மட்டுமல்ல. எங்களை மனுஷனாகப் பார் என்றும் கேட்டார்கள்.

அவர்கள் அடிபட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு, எனக்குச் சாராயக் கடையில் மரியாதை இல்லை என்று நான் புலம்புகிறேன். வெட்கக்கேடுதான். அந்த வெட்கத்தில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை முதலாளி எடுத்துக்கொள்ளட்டும். அவர் வழக்கப்படி அதையும் எனக்கு முன்னால் அண்ணனுக்குக் கொடுத்துவிடாமல் இருந்தால் சரி.

ஒன்று மட்டும் அந்தக் கழிவறை வாசலில் உட்கார்ந்தபோது தெளிந்தது. அந்தக் கடையின் உண்மையான சரக்கு பீர் அல்ல. பீரைச் சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு வாங்கி வீட்டிலேயே குடிக்கலாம். வீட்டில் கிடைக்காதது ஒன்றுதான்: தனக்காக இன்னொருவன் காத்துக் கிடக்கிற காட்சி. அண்ணன் காசு கொடுத்தது அதற்கு. நான் அந்தக் கடையின் வாடிக்கையாளன் அல்ல, ஊறுகாய்.

கடை சாத்தும் நேரம் நெருங்கியது. எனக்கு ஒரு போத்தல், ஐஸ் இல்லாமல், வந்திருந்தது. அண்ணனின் ஆட்கள் கலைந்துபோனார்கள். அவர் தனியாகக் கல்லாவுக்குப் போனார். முதலாளி கீழே குனிந்து ஒரு சின்ன 555 கணக்குப் புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து, கர்ப்பிணிபோல உப்பியிருந்தது.

“என்னண்ணே, போன மாசத்துதும் அப்படியே நிக்குது.”

“சம்பளம் வரட்டும்பா.”

“அதுக்கு முந்தின மாசமும் இதேதான் சொன்னீங்க.”

இரவு முழுக்கக் கேட்காத குரல் அது. ‘அண்ணே’ அப்படியே இருந்தது. அதற்குள் இருந்த தேன் மட்டும் இல்லை. அண்ணன் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டார். பிரட்டுக்களத்தில் கைநாட்டு வைக்கிற மாதிரியே இருந்தது. சற்றுமுன் புகை விட்டவர் இவர்தானா என்று சந்தேகம் வந்தது.

என் அம்மா பால் வெட்டியவர். தோட்டத்தில் எந்த மரத்துக்கு மரியாதை அதிகம் என்று அவரிடம் கேட்டால் சொல்வார். நன்றாகப் பால் வடிக்கிற மரத்துக்குத்தான். இருட்டோடு எழுந்து விளக்கைக் கட்டிக்கொண்டு அதைத் தேடித்தான் போவார்கள். அதற்குத்தான் மங்கு கட்டுவார்கள். மழையில் நனையாமல் மறைப்புக்கூட வைப்பார்கள். பாலில்லாத மரத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். அதன் பட்டை முழுசாக இருக்கும். அந்த வெட்டுகிற மரத்துக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு கொடுப்பார்கள். அண்ணனுக்கு அதுவும் கிடையாது.

எழுந்தேன். வாசல்வரை அந்தப் பையன் கூடவே வந்தான். நல்ல பையன்தான், பாவம், அவன் சம்பளமும் அந்த 555-இல்தான் இருக்கும்போல. இரக்கத்தோடு சொன்னான்:

“புது ஆளு இல்லையா பாஸ், அதான். இன்னும் ஒரு நாலு தடவ வாங்க. அப்புறம் நீங்களும் அண்ணன்தான்.”

அந்த இரவில் என்னிடம் ஒருவர் அன்பாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். கேட்டதும் முதுகு சில்லிட்டது. பால் வெட்டத் தொடங்குமுன் மரத்தைச் சுற்றி அளந்து பார்த்து, இது பக்குவமாகிவிட்டது என்று பட்டையில் ஒரு கோடு போடுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடைப்பக்கம் நான் பிறகு போகவில்லை.