கோழி வறுத்துக் கொடுக்கும் பேய்

சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்று சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினார்கள். பூச்சாண்டி என்றாலே அவன் சாப்பாட்டுக்கு எதிர்க்கட்சி. ஒரு உருண்டை உள்ளே போனால் அவன் ஒரு தெரு பின்வாங்குவான். கிண்ணம் காலியாகும்போது ஊர் எல்லையைத் தாண்டியிருப்பான். சமைக்கிற பேய் என்று நான் அதற்கப்புறம் பார்த்தது விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' படத்தில்தான். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரிப்பாள். பயங்கரம்தான். ஆனால் அந்தப் பேயிடம் ஒளிவுமறைவு கிடையாது. எரிவது விறகா காலா என்று அடுப்பை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

'கோரலைன்' படத்துப் பேய் அப்படியில்லை. அவள் கோழி வறுத்து வைத்துக்கொண்டு, புன்சிரிப்போடு காத்திருக்கிறாள்.

நீல் கெய்மன் எழுதி 2002-ல் வெளிவந்த சிறுவர் நாவலை 2009-ல் ஹென்றி செலிக் பொம்மைப் படமாக்கினார். மிச்சிகனிலிருந்து ஓரிகான் மாநிலத்துக்குக் குடிவரும் ஒரு சிறுமி. ஓயாத மழை, சேறு, பல குடித்தனங்கள் உள்ள பழைய இளஞ்சிவப்பு வீடு. அம்மா அப்பா இருவரும் தோட்டக்கலை பற்றி எழுதிப் பிழைப்பவர்கள். அம்மாவுக்குச் சேறு என்றாலே ஆகாது. எழுத்தாளர்களை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் வேறு எதுவும் என் நினைவில் இல்லை. அப்பா சமைப்பார், தட்டில் விழுவது கீரையா கோந்தா என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. இருவரும் கணினியை விட்டுத் தலை நிமிராமல், 'இப்போ தொந்தரவு பண்ணாதே' என்கிறார்கள்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு குட்டிக் கதவு. பகலில் திறந்தால் செங்கல், இரவில் திறந்தால் சுரங்கப் பாதை. அந்தப் பக்கம் அதே வீடு, அதே அம்மா. ஆனால் இந்த அம்மா சமைக்கிறாள், சிரிக்கிறாள், பெண் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறாள். கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு கறுப்புப் பட்டன்கள்.

அந்த விருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழம்பு குட்டி ரயிலில் ஏறி மேஜையைச் சுற்றி வருகிறது. மாம்பழ மில்க் ஷேக் வேண்டும் என்று வாயெடுத்ததும் கூரைச் சரவிளக்கு இறங்கிவந்து தம்ளரில் ஊற்றுகிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நிமிடமே வயிற்றைக் கலக்கியது. இருட்டு இல்லை, அலறல் இல்லை, பின்னணி இசைகூடச் சமர்த்தாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கடன் வாங்கிய எவனுக்கும் இந்த உபசரிப்பு பழக்கம். 'உட்காருங்க சார், ஏசி போதுமா, காபியா டீயா' என்று விசாரித்து, பிஸ்கட் தட்டை நம் பக்கம் நகர்த்தி, நாம் இரண்டாவது பிஸ்கட்டில் இருக்கும்போதுதானே அந்தக் காகிதக் கத்தை வெளியே வரும்?

இங்கேயும் வருகிறது. முதல் நாள் விருந்து, இரண்டாம் நாள் எலி சர்க்கஸ், மூன்றாம் நாள் நாடகம். எல்லாம் இலவசம். நாடகம் முடிந்த பிறகு ஒரு பரிசுப் பெட்டி. உள்ளே இரண்டு பட்டன், ஒரு நூல்கண்டு, ஒரு ஊசி. இங்கேயே என்றென்றைக்கும் இருக்கலாம், ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி என்கிறாள். கறுப்புதான் வழக்கம், பிடிக்காவிட்டால் வேறு நிறமும் உண்டு என்று வரிசையாக நிறங்களைச் சொல்கிறாள். கடன் அட்டை விற்க வந்த இளைஞரிடம் நான் வேண்டாம் என்று சொன்னபோது, அவரும் 'கோல்டா பிளாட்டினமா சார்?' என்றுதான் கேட்டார். கண்ணைப் பிடுங்கலாமா என்ற கேள்வியை எந்த நிறத்தில் பிடுங்கலாம் என்ற கேள்வியாக மாற்றத் தெரிந்தவள் சாதாரணப் பேய் இல்லை. அவளுக்கு இலக்கு இருக்கிறது, காலாண்டு முடிவு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த பட்டன் அப்பா, ஊசி ரொம்பக் கூர்மை, வலியே தெரியாது என்று உளறிவிடுகிறார். சொல்லக்கூடாததை உதவியாளர் சொல்லிவிடுவது எல்லாக் கிளைகளிலும் நடப்பதுதான்.

படத்தை என்னோடு பார்த்தது அக்கா மகள். மூன்றாம் வகுப்பு. அவளுக்குத் துணையாக இருக்கச் சொல்லி என்னை உட்கார வைத்திருந்தார்கள். பெட்டி திறந்தபோது துணைக்கு இருந்தவன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டு, "மாமா, அந்தம்மாவுக்குக் கண்ணே இல்லையே, ஊசியில எப்படி நூல் கோப்பாங்க?" என்றாள். பயப்படவேண்டிய ஆள் தொழில்நுட்பச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கதையைப் படிக்கும் குழந்தைகளுக்கு அது சாகசம், பெரியவர்களுக்குத்தான் திகில் என்று கெய்மன் சொல்லியிருக்கிறார். குழந்தைகளுக்கு இது அதிகம் என்று அவருடைய முகவர் தயங்கினாராம். உங்கள் பெண்களிடம் படித்துக் காட்டுங்கள் என்றார் கெய்மன். பெண்கள் பயப்படவில்லை, புத்தகம் வெளிவந்தது. பல வருடம் கழித்து அந்தப் பெண்களில் ஒருத்தி கெய்மனிடம் உண்மையைச் சொன்னாள்: பயத்தில் உயிரே போயிற்று, ஆனால் பயம் என்று சொன்னால் படிப்பதை நிறுத்திவிடுவார்களே, கதை என்ன ஆயிற்று என்று தெரியாமல் போய்விடுமே! அதைப் படித்த பிறகு முறுக்கு கடித்த சத்தத்தையும் நான் முழுசாக நம்புவதில்லை.

நடுவில் ஒரு வழக்கு. இந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும், 'ஓ, அந்த டிம் பர்ட்டன் படமா?' என்கிறார்கள். பர்ட்டனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1993-ல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்துக்குக் கதையும் தயாரிப்பும் பர்ட்டன், இயக்கியது செலிக். தலைப்புக்கு மேல் பர்ட்டன் பெயர் பெரிதாக இருந்தது. அது ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று பயந்த டிஸ்னி, தன் பெயரை ஒளித்துக்கொண்டு டச்ஸ்டோன் என்ற இன்னொரு பலகையில் வெளியிட்டது. பின்னால் படம் ஓட ஆரம்பித்ததும் பலகை மாறியது. செலிக்குக்கு மட்டும் இன்னும் விடியவில்லை. வேறொருவர் படத்துக்கு அவர் பெயரைச் சொல்கிறவர்களைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தச் சின்ன ஆறுதலும் மனிதருக்கு இல்லை.

அவரும் ஓரிகானில் இருக்கும் லைக்கா ஸ்டுடியோவும் சேர்ந்து செய்த வேலையைக் கேட்டால், படத்தில் வரும் பேய் பரவாயில்லை என்று தோன்றும். பொம்மையை ஒரு இம்மி நகர்த்து, படம் எடு, மறுபடி ஒரு இம்மி நகர்த்து. வினாடிக்கு 24 படம், மொத்தம் 100 நிமிடம். ஒரு கலைஞர் வாரம் முழுக்கக் குனிந்து நின்றால் சில வினாடிகள் தேறும். ஒரு சாண் உயர நாயகிக்கு ஆல்தியா குரோம் என்ற பெண்மணி தலைமுடி அளவு மெல்லிய ஊசிகளில் ஸ்வெட்டரும் கையுறையும் பின்னினார். மரத்தில் பூத்திருப்பது சாயம் பூசிய பாப்கார்ன். முகங்களை முப்பரிமாண அச்சில் வார்த்து, மேலும் கீழும் மாற்றி மாற்றிப் பொருத்தி, இரண்டு லட்சத்துக்கு மேல் முகபாவங்களுக்கு வழி செய்திருக்கிறார்கள். அதில் ஒன்றுகூட 'சரிம்மா' என்று சொல்வதற்கானதாக எனக்குத் தெரியவில்லை.

படம் தொடங்கும்போதே ஊசி விரல்கள் ஒரு துணிப் பொம்மையைப் பிரித்து, பஞ்சை உருவி, உள்ளே மரத்தூள் அடைத்து, பட்டன் கண் வைத்துத் தைக்கின்றன. முதல் தடவை பேயின் கை என்று பார்த்தேன். விவரமெல்லாம் தெரிந்த பிறகு அது ஸ்டுடியோ ஊழியரின் கையாகத்தான் தெரிகிறது. ஒரு சிறுமியை ஏமாற்ற வீடு, தோட்டம், சர்க்கஸ் எல்லாவற்றையும் கையால் செய்துவைத்த பேயைப் பற்றி, அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவர்கள் எடுத்த படம் இது. அதனால்தான் அவள் செய்வதெல்லாம் இத்தனை அழகு. நம்மையும் கதவுக்குள் இழுத்தாக வேண்டுமே! 2024-ல் மறுபடி திரையரங்குக்கு வந்தபோதும் கூட்டம் அலைமோதியது. எல்லோரும் காசு கொடுத்து அந்தக் குட்டிக் கதவுக்குள் போனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் பேயே கிடையாது. சிறுமி அந்த மாய வீட்டை விட்டு வெளியே நடக்கிறாள். மரங்கள் மெல்ல மெல்லக் கோடுகளாகி, பிறகு ஒன்றுமே இல்லாத வெள்ளை. நேராக நடந்தால் மறுபடி அதே வீட்டு வாசல். அவளைக் கவர எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உலகமே கட்டப்பட்டிருக்கிறது என்று கூட வரும் பூனை விளக்குகிறது. சென்னைக்கு வெளியே ஒரு மனைத்திட்டத்தில் நான் பார்த்த மாதிரி வீடு ஞாபகம் வந்தது. பழத்தட்டில் மெழுகு ஆப்பிள், சுவரில் யாரோ ஒரு சிரிக்கும் குடும்பம். பின்கதவைத் திறந்தால் கருவேலங்காடு. அங்கே பூனை இல்லாததால் நானாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்தச் சிறுமி தேர்ந்தெடுப்பது கோந்துக் கீரை அப்பாவையும், விபத்தில் கழுத்தில் பட்டை மாட்டிய சிடுசிடு அம்மாவையும். கடையில் பெண் கேட்ட கோடுபோட்ட கையுறையை வேண்டாம் என்று மறுத்தவள் அந்த அம்மா. கடைசியில் வாங்கித் தருகிறாள், முகத்தில் அதே களைப்போடு. எந்த நிறம் வேண்டும் என்று கேட்கவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும், இதிலிருந்து என்ன தெரிகிறது என்று அக்கா மகளிடம் கேட்டேன். மாமாக்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

"மொத நாளு போய் சாப்பிட்டுட்டு வந்துரணும் மாமா. பெட்டியைத் திறக்கிற வரைக்கும் உட்காரக் கூடாது."

"சரி, அதோட நிறுத்திக்கணும்."

"ரெண்டாவது நாள் எலி சர்க்கஸ் இருக்கே!"

"அப்புறம்?"

"மூணாவது நாள் நாடகம். அது முடியறதுக்குள்ள ஓடி வந்துரலாம். நீங்க கதவைப் பிடிச்சுட்டு நில்லுங்க."

"எனக்கு என்ன கொண்டு வருவே?"

"மில்க் ஷேக்," என்றாள். "மாம்பழம் ஓகேயா, வேற ஏதாவது வேணுமா?"