கடன் வாங்கட்டுமா நகராட்சி?

கேள்வி: நகராட்சி கடன் வாங்கினால் வரி எங்கள் தலையில்தான் விழும். எந்தக் கடனும் வேண்டாம் என்கிறோம். சரிதானே?
- வாசகர், திருவேற்காடு

பதில்: கோபம் சரி, ‘எந்தக் கடனும்’ என்பதுதான் இடிக்கிறது. கடனே வாங்காத ஊரில் மழைத் தண்ணீர் வட்டியில்லாமல் வீட்டுக்குள் வரும்!

ஆலந்தூரைப் பாருங்கள். 1990களின் கடைசியில் அங்கே பாதாளச் சாக்கடைக்குக் கடன் வாங்கினார்கள். ஆனால் குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசி, வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை திரட்டின. கடனின் அளவும் குறைந்தது, கணக்குக் கேட்கும் உரிமையும் கூடியது. அந்த உரிமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2025-ல் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, வட்டி 7.97 சதவீதம். வட்டி மட்டுமே வருடத்துக்குச் சுமார் 16 கோடி. கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் மழைநீர் வடிகாலுக்கு என்று காரணம் சொன்னார்கள். உங்கள் ஊரிலும் காரணத்தைக் கேளுங்கள். கூவம் ஓரம் வெள்ளம் வடிய வழி செய்யவா, பழைய பில்லை அடைக்கவா? முன்னதற்கு என் ஓட்டு உண்டு. பின்னதை விடாமல் எதிர்த்து நில்லுங்கள். ஏரியா சபை கூடும்போது திட்ட அறிக்கையையும் தவணைக் கணக்கையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.