பின்சீட்டில் துப்பாக்கி வைத்த அம்பாசிடர்

வுல்வர்ஹாம்ப்டன்
ஞாயிறு, மழை

அன்புள்ள மச்சானுக்கு,

ஏலத்தோட்டத்து ஆளுகளை ஏத்திக்கிட்டுக் கம்பம்மெட்டு ஏறுற உங்க ஜீப்புக்கு எஃப்.சி. நெருங்குது, டிங்கரிங், பட்டி, பெயிண்ட்னு செலவு இழுக்குதுன்னு புலம்பியிருந்தீங்க. வண்டியை இங்கே கொண்டுவந்துடுங்க. 40 வயசு தாண்டின வண்டியைப் பெரிசா மாத்திக் கட்டாம வச்சிருந்தா ரோட்டு வரி கிடையாது, வருஷச் சோதனையும் கிடையாது. மனுஷனுக்கு 40 ஆனாத்தான் செக்கப்புக்கு லெட்டர் போட்டுக் கூப்பிடுறாங்க.

பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட அப்படி ஒரு வண்டி இருக்கு. 1957 மோரிஸ் ஆக்ஸ்போர்டு, மூணாம் சீரிஸ். முதல்ல பார்த்தப்போ "அட, நம்ம அம்பாசிடர்!"னு கத்திட்டேன். மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு. ஆக்ஸ்போர்டு பக்கத்துல கௌலி ஃபேக்டரியில 1956-லிருந்து 1959 வரைக்கும் செஞ்ச வண்டியாம். நீங்க மூணு வருஷத்துல மூட்டை கட்டினதை நாங்க உத்தர்பாராவுல 2014 வரைக்கும் செஞ்சோம், அப்போ யார் வண்டி இது? கேக்கணும்னு வாய் வந்துச்சு. அவர் வீட்டு டீயைக் குடிச்சுக்கிட்டே கேக்க மனசு வரலை.

இப்போ இந்த வண்டியை அவர் போர் விமானமா மாத்திக்கிட்டிருக்கார். ஸ்பிட்ஃபயர் இல்லை, அதை எல்லாரும் செய்வாங்களாம். இவருக்கு டிஃபயன்ட்தான் வேணும். எங்க ஊர் போல்டன் பால் கம்பெனி 1,000-க்கும் மேல செஞ்ச விமானம் அது. அதோட விசேஷம் கேளுங்க. முன்னாடி உட்கார்ந்து ஓட்டுறவர் நேரா சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. 4 துப்பாக்கியும் பின்னாடி, சுத்துற கூண்டுக்குள்ள இருக்கிறவர் கையில. ஓட்டுறவர் ஓட்ட வேண்டியது, சுடுறதெல்லாம் பின்சீட்டு. என் வீட்டம்மாகிட்ட இதை விளக்கினேன். "நம்ம கார் மாதிரின்னு சொல்லுங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா.

1940 மே மாசம் டன்கர்க்ல இது ஜெர்மன்காரங்களை நல்லாவே ஏமாத்துச்சாம். சாதாரண விமானம்னு நினைச்சுப் பின்னாடி வந்தவங்க வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் சூட்சுமம் தெரிஞ்சுபோய் நேர் எதிராவும் அடியிலிருந்தும் வந்து அடிச்சாங்க. ஆகஸ்ட் முடியிறதுக்குள்ள ஏகப்பட்ட பையன்க செத்துப்போனாங்க. பகல் சண்டையே வேண்டாம்னு ராத்திரி வேலைக்கு அனுப்பிட்டாங்க. பெரியவர் சிரிக்காம பேசுற இடம் இது ஒண்ணுதான்.

நமக்கும் இதுல பங்கு இருக்கு மச்சான். டிஃபயன்ட்டை முதல்ல சண்டைக்குக் கொண்டுபோன 264-ஆம் ஸ்குவாட்ரனோட முழுப்பேர் 'மெட்ராஸ் பிரசிடென்சி' ஸ்குவாட்ரன். அந்தக் காலத்துல எந்த ஊர் யுத்த நிதி குடுக்குதோ அந்த ஊர்ப் பேரை வைப்பாங்க. 79, 234-க்கும் நம்ம மாகாணத்துப் பேருதான். நம்ம கம்பம் பள்ளத்தாக்கு அப்போ மதுரை ஜில்லா, மெட்ராஸ் மாகாணம். கூடலூர்க் கடலைக்காரர் யாராவது ரெண்டணா போட்டிருக்க மாட்டாரா? அந்தத் தைரியத்துல வண்டி விஷயத்துல நானும் யோசனை சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.

பெயிண்ட், மேல பச்சையும் மண் நிறமும் திட்டுத் திட்டா, அடியில வெளிறின நிறம். பளபளப்பே இருக்கக் கூடாது. காசைக் குடுத்துப் புது வண்டியைப் பழசாக்குறாங்கன்னு நினைச்சுக்குங்க. நிறம் மாத்தினா ஆர்.சி. புக்குலயும் மாத்தணும். 'வண்டியின் நிறம்'ங்கிற கட்டத்துக்கு முன்னாடி பேனாவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சாயங்காலம் பூரா உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னே அடிச்ச பெயிண்டுக்கு என்ன பேர் எழுதுறது?

பானட்ல சுறா பல்லு வரையணும்னு பேரன் ஒத்தைக்கால்ல நின்னான். 1941-ல வட ஆப்பிரிக்காவுல 112-ஆம் ஸ்குவாட்ரன் வரைஞ்ச பல்லு அது. அதைப் பார்த்துத்தான் சீனாவுல அமெரிக்கப் பறக்கும் புலிகளும் வரைஞ்சாங்க. படத்தைப் பார்த்தேன். புது வீட்டு வாசல்ல தொங்குற திருஷ்டி பொம்மையேதான். "264-க்குப் பல்லு கிடையாது"ன்னு பெரியவர் மறுத்துட்டார். டிக்கி மேல கண்ணாடிக் கூண்டு வந்தாச்சு. அதுல துப்பாக்கி மாதிரி 4 குழாய் சொருகப் போனார். ரோட்டுல போறவங்க போலீசைக் கூப்பிடுவாங்கன்னு அவர் வீட்டம்மா குழாயை எடுத்துக்கிட்டுப் போய்த் தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுத்துட்டாங்க.

நான் குடுத்த யோசனைக்கு வர்றேன். மெட்ராஸ் பேரை வச்சுக்கிட்டு ஒரு தமிழ் எழுத்து இல்லாம எப்படின்னு கேட்டேன். உங்க ஜீப்புக் கண்ணாடி போட்டோவைக் காட்டி, "இந்த மாதிரி 'பென்னிகுவிக் துணை'ன்னு எழுதலாம்"னேன். யார் அதுன்னு கேட்டார் மச்சான்! உங்க ராணுவ இன்ஜினீயர், ஃப்ரிம்லியில அடக்கம் பண்ணியிருக்கீங்க, 1895-ல எங்களுக்கு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிச்சவர், பாலார்பட்டியில அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்கன்னு அரை மணி நேரம் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "விமானப்படைக்காரர் இல்லையே"ங்கிறார். அவர் செத்தது 1911, உங்க விமானப்படை பிறந்தது 1918, அதுக்கு அவர் என்ன செய்வார்னேன். யோசிச்சுட்டு, டிக்கிக்குக் கீழ ஒரு அடி இடம் ஒதுக்கியிருக்கார்.

அதனால, உங்க வண்டிக்கு எழுதின ஆர்ட்டிஸ்ட்கிட்ட அந்த ரெண்டு வார்த்தையைப் பெரிய தாள்ல, தடிப்பா, நிழல் விட்டு எழுதச் சொல்லி போட்டோ எடுத்து அனுப்புங்க. இவர் அதை அப்படியே கார்பன் வச்சு வரையப் போறார். ஜூலையில கார் கண்காட்சி. நடுவுல வர்ற 'க்'கை மட்டும் விட்டுடாம எழுதச் சொல்லுங்க. அப்புறம் இங்கே என்னைத்தான் பிரஷ்ஷோட ஏணியில ஏத்துவாங்க.

அன்புடன்,
உங்க மாப்பிள்ளை