விதையும் சட்டமும்

கேள்வி: சிறு விவசாயிகளுக்காகப் பரிந்து பேசியவர்களின் குரல் இப்போது சர்க்காரின் விவசாயக் கொள்கையிலும் ஒலிக்கிறதே, இது எப்படி ஸாத்தியமாயிற்று?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: விதை முளைத்தபின் அதை மண்ணுக்குள் திருப்பி அனுப்ப யாராலும் முடியாது, அதுதான் ரகசியம். அறுபதுகளில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகத்திலிருந்து, ரஸாயன உரத்தை நம்பிய முறை மானாவாரி விவசாயியைக் கடனாளியாக்குவதைக் கண்டு மனம் பொறாமல் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு வெளியேறிய நம்மாழ்வார், பின்னர் ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தை உபதேசித்தார். அவர் வழியில் வந்த நெல் ஜெயராமனோ, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். நூற்றுக்கு நூறு வட்டி வாங்கியும் ஊரார் கையெடுத்துக் கும்பிட்ட மனிதர் இவர் ஒருவரே! இவ்வாறு 174 பாரம்பரிய நெல் ரகங்கள் மீண்டன.

2021-இல் தமிழகத்தின் முதல் தனி வேளாண் பட்ஜெட், ஜெயராமன் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையும் வெளியாயிற்று. வயலில் ஜயித்ததையே சட்டசபை பின்னர் வாசித்தது.

ஆயினும் அரசாணை அறுவடை செய்யாது. விளைந்த மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய நெல்லுக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் கொள்கை பிழைக்கும். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்களில் நீங்களும் நானும் உண்டு.