கொம்பனியா, கொட்டிலா? லான்ட்மாஸ்டர் பழுதுச் செலவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சி கரம்பொன்னுக்குப் புதிய தொழில் அல்ல. 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்ற தனிநாயகம் அடிகளார் 1913இல் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள இந்த ஊரிற் பிறந்தவர். தமிழியல் நூல்களுக்கு அவர் தொகுத்த வழிகாட்டி 1966இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. இலக்கியத்துக்கும் இலக்கணத்துக்கும் சமயத்துக்கும் அதில் இடம் உண்டு, லான்ட்மாஸ்டருக்கு இல்லை. அடிகளாரைக் குறை சொல்லக் கூடாது. அக்காலத்தில் வயலை மாடுகள் உழுதன, மாட்டுக்கு உதிரிப்பாகம் தேவைப்படவில்லை. விட்டுப்போன அந்த இயலை நாம் இப்போது எடுத்துக்கொள்கிறோம்: லான்ட்மாஸ்டர் படுத்துவிட்டால் பட்டணத்துக் கொம்பனிக்குக் கொண்டுபோவதா, வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தானே கழற்றுவதா?

ஆய்வுப்பொருளை வரையறுப்போம். அரசாங்கப் படிவங்களில் இதன் பெயர் இருசக்கர உழவு இயந்திரம். ஊரில் கூபோட்டா என்றாலும் சீனத்து மெசின் என்றாலும் எல்லாம் லான்ட்மாஸ்டர்தான். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். கைபிடியைச் சுழற்றித்தான் எழுப்பவேண்டும். எஞ்சினின் பலத்தைக் கியர்பெட்டிக்கு வீ-பெல்ட்டுகள் கொண்டுபோகும். இரும்புச் சில்லுப் பூட்டினால் வயல் உழும். பின்னால் பெட்டி பூட்டினால் மணல், கல், பனையோலை, திருவிழாவுக்குப் போகும் இனசனம் என எதையும் இழுக்கும். கனடாவில் நம்மவர் சிலர் வைத்திருக்கும் புல்லு வெட்டும் ரக்ரர் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அதில் ஏறி இருந்து ஓட்டலாம், கோப்பி வைக்கவும் இடம் இருக்கும். செய்கிற வேலை, ஊரில் ஆடு கூலி வாங்காமல் செய்வது. ஆனால் தலையிடி இரண்டுக்கும் பொது. அங்கும் டீலரின் கராஜில் ஒரு மணித்தியாலக் கூலி 100 டொலரைத் தாண்டுவது சாதாரணம். பனி கரைந்ததும் எல்லாருடைய புல்லும் ஒன்றாக வளர்வதால் வரிசையும் நீளுகிறது.

இனிக் கொள்கைகள். கொம்பனிப் பள்ளியாரின் சூத்திரம் எளியது: செ = பா + கூ. அதாவது செலவு என்பது பாகமும் கூலியும். பில்லில் இரண்டும் அச்சடித்து இருக்கும், கீழே ஒப்பமும் சீலும் இருக்கும். ஆயினும் இரண்டு உறுப்புகள் விடுபட்டுவிட்டன.

முதலாவது ‘போ’, போக்குவரத்து. கரம்பொன்னிலிருந்து வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைத் தாம்போதியின் காற்றையும் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்ச் சேர ஏறத்தாழ 20 கிலோமீற்றர். லான்ட்மாஸ்டர் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தாலும் ஒரு வழிக்கே ஒரு மணியும் 20 நிமிடமும் போய்விடும். ஓடாத மெசின் எப்படிப் போகும், ஓடுகிற மெசின் ஏன் போகவேண்டும் என்பது இவ்வியலின் முதற் புதிர்.

இரண்டாவது ‘ம’, மழை. தீவுப்பகுதி வயல் வானம் பார்த்தது. புரட்டாசி, ஐப்பசியில் நிலம் ஈரமாகும் அந்தச் சில நாள்களுக்குள் உழுது விதைக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். எல்லா லான்ட்மாஸ்டரும் படுப்பது அந்த நாள்களில்தான். மற்ற மாதங்களில் அவற்றை யாரும் எழுப்பிப் பார்ப்பதில்லை என்பதே காரணம். “அண்ணை, செவ்வாய்க்கிழமை பாப்பம்” என்பார்கள் கொம்பனியில். எந்தச் செவ்வாய் என்பது அவ்வாக்கியத்தில் இல்லை. மழைக்குப் பில் போடுவாரும் இல்லை. ஆனால் செலவில் பெரியது அதுதான்.

இங்கே ‘காத்துப் பிடித்தல்’ என்னும் நோயைச் சற்று விரிவாக நோக்குவது தகும். டீசல் முற்றாகத் தீர்ந்தபின் ராங்கியை நிரப்பினால் எஞ்சின் எழும்பாது. குழாய்க்குள் காற்று நின்றுவிடும். காற்று அமுங்கும், டீசல் அப்படி அமுங்காது. ஆகையால் பம்பு எவ்வளவு அடித்தாலும் நொசிலுக்கு வேண்டிய அழுத்தம் ஏறாது. வைத்தியம் இதுதான்: பம்புக்கு வரும் குழாயின் நட்டைக் கொஞ்சம் இளக்கி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை பார்த்திருந்து, திரும்ப இறுக்குவது. ஒரு ஸ்பனர், ஒரு பழந்துணி, ஐந்து நிமிடம். இதற்காகப் பட்டணத்திலிருந்து ஒரு மெக்கானிக் மோட்டார்சைக்கிளில் வந்து, நட்டை இளக்கி, தேத்தண்ணி குடித்து, “காத்துப் பிடிச்சிட்டுது அண்ணை” என்று சொல்லிப் போனதை இவ்வாய்வாளர் நேரிற் கண்டிருக்கிறார். பில்லில் ‘எரிபொருள் தொகுதிப் பராமரிப்பு’ என்று இருந்தது. மூன்று சொல்லும் சரியான தமிழ்.

கொட்டிற் பள்ளியின் வரலாறு வேறு. அதன் பட்டதாரிகள் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் படித்தவர்கள். பெற்றோல் கிடைக்காத குடாநாட்டில் மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது என்பதால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை மருந்துபோல விட்டு உதைத்தார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் போதும். அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தீவுப்பகுதியாரும் போனார்கள். விரும்பிப் போகவில்லை, ஊரைப் படையினர் பிடித்தபோது கையில் அகப்பட்டதோடு கடல் கடந்து போனவர்கள். அவர்களுள் ஒருவரிடம் போய், பெல்ட் மாற்றக் கொம்பனிக்குப் போங்கோ என்று சொல்லிப் பார்க்கவேண்டும்.

2022 இப்பள்ளிக்கு இன்னொரு வகுப்பு எடுத்தது. டொலர் ஏறி, பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. ஓகஸ்ட் மாதத்தில், பாகம் கழுவுகிற மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. பகுதி ‘பா’ இப்படிப் பெருத்தபோது, பகுதி ‘கூ’வையாவது சுழியமாக்குவோம் என்று பலர் ஸ்பனரைக் கையில் எடுத்தார்கள். அது பொருளியல்.

தன் மெசினைத் தானே திருத்தும் ஆசை தீவாருக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்காவில் ஜோன் டியர் கொம்பனியின் ரக்ரர்களில் பழுது பார்க்கும் மென்பொருள் டீலரிடம் பூட்டிக் கிடக்கிறதென்று கமக்காரர் சண்டை பிடித்தார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டுக் கமக்காரர் கூட்டமைப்போடு கொம்பனி ஓர் உடன்பாடு எழுதியது. அதுவும் போதாதென்று 2025 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்கே போட்டது. நமது லான்ட்மாஸ்டரில் கணினி கிடையாது. துருப்பிடித்த நட்டு உண்டு. அதற்குக் கடவுச்சொல் மண்ணெண்ணெய், ஓர் இரவு ஊறவேண்டும்.

என்றாலும் கொட்டிற் பள்ளியாரின் கணக்கும் சுத்தமல்ல. கழற்றத் தொடங்கி அரை மணிக்குள் வேலியால் எட்டிப் பார்த்த பெரியப்பா உள்ளே வந்து கதிரை கேட்பார். “இது ஹெட் காஸ்கட் தம்பி, மணத்திலேயே தெரியுது” என்பார். அடுத்து வருபவர் நொசில் என்பார். கனடாவிலிருந்து மச்சான் வீடியோவில் வந்து, தன் புல்லு ரக்ரரில் அது எந்தப் பக்கம் இருக்கிறதென்று காட்டுவார். எல்லாருக்கும் தேத்தண்ணி, சூத்திரத்தில் ‘தே’ என்று குறிக்க. கடைசியில் ஒரு நட்டு மிஞ்சும். கொட்டிற் பள்ளியை எதிர்ப்போர் இந்த நட்டைத்தான் சான்றாகத் தூக்கிப் பிடிப்பர். கொம்பனியிலும் நட்டு மிஞ்சும். அதை நமக்குக் காட்டமாட்டார்கள், அவ்வளவே.

இரு பள்ளிகளையும் எடைபோட்டுப் பார்க்கையில், ஒயில் மாற்றுதல், எயர் கிளீனர் கழுவுதல், பெல்ட் மாற்றுதல், காத்து எடுத்தல் ஆகியவற்றுக்குப் பண்ணைப் பாலம் தாண்டுவது பணத்துக்கும் மானத்துக்கும் நட்டம். டீசல் பம்பு மட்டும் விதிவிலக்கு. அதன் உள்ளுறுப்புகளின் இடைவெளி மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கிலானது. நொசிலால் வரும் டீசல் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தோடு பாய்ந்து கைத்தோலையே துளைக்கும். அங்கே பெரியப்பாவின் மூக்கு உதவாது. கையைத் துடைத்துக்கொண்டு கொம்பனிக்குப் போகவேண்டும், செவ்வாய்க்கிழமை வரையும் காத்திருக்கவேண்டும்.

இன்னும் ஓர் உறுப்பு உண்டு. இரண்டு பள்ளியாரும் அதை எழுதவில்லை. ‘கி’, கிணறு. ஒயில் மாற்றியதும் கறுத்த பழைய ஒயில் மிஞ்சும். கொம்பனியில் மாற்றினால் அது அவர்கள் பாடு. கொட்டிலில் மாற்றினால் வேலிக்கரையில் ஊற்றிவிடுகிறோம். நமது நல்ல தண்ணி என்பது உவர்நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய மழைநீர்ப் படை. மேலே ஊற்றியதைச் சுண்ணாம்புக்கல் தடுக்காது, கீழே விட்டுவிடும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. நம் வேலிக்கரைக்கு எவரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆகவே ஸ்பனரை எடுங்கோ, தாராளமாகக் கழற்றுங்கோ. ஆனால் பழைய ஒயிலை மூடியுள்ள ஒரு கலனில் சேர்த்து வைத்து, அடுத்தமுறை பட்டணம் போகும்போது கழிவு ஒயில் எடுக்கிற கராஜில் கொடுத்துவிடுங்கோ.